விலை உயர்ந்த ஹோட்டல்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

தூரதேசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் மனைவியும் ஒரு பயணம் போகிறோம். ஊர் முடிவாகிவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. தங்கும் இடத்தில்தான் முடிவு எட்டாமல் நிற்கிறோம். ஒரு பக்கம் சுத்தமான, நல்ல பெயருள்ள நடுத்தர ஹோட்டல். இன்னொரு பக்கம் ஐந்து நட்சத்திர ஹோட்டல். வாடகை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கடன் வாங்காமல் கட்டிவிட முடியும், ஆனால் யோசிக்காமல் கட்டக்கூடிய தொகை இல்லை.

பெற்றோருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது நல்ல இடத்தில் தங்கும் அனுபவத்தைத் தர வேண்டும் என்பது என் ஆசை. அதே பணத்தில் பயணத்தை இன்னும் சில நாள் நீட்டிக்கலாம் என்பது மனைவியின் கருத்து. இரண்டும் நியாயமாகவே படுகிறது.

ஆடம்பரம் சரியா தவறா என்ற விவாதம் வேண்டாம். அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது, அதில் தங்குபவருக்கு உண்மையில் எது வந்து சேர்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஊர் பார்க்கப் போகிறவர் காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்புகிறார். அறையில் இருக்கிற நேரத்தில் முக்கால்வாசி தூக்கம். கண்ணை மூடிய பிறகு நான்கு மடங்கு வாடகை அறையும் ஒரு மடங்கு வாடகை அறையும் ஒரே இருட்டுதான். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், ஸ்பா எல்லாவற்றுக்கும் வாடகையிலேயே பணம் கட்டிவிட்டு, எதையும் தொடாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

சுத்தமான படுக்கை, ஒழுங்கான குளியலறை, நல்ல இடம். இந்த மூன்றும் நடுத்தர ஹோட்டலில் கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுப்பது பெயருக்கும் வரவேற்பறைப் பளிங்குக்கும் போகிற பணம்.

---

இரவுப்பறவை எழுதியது:

கணக்குப்பிள்ளை, கண்ணை மூடலாம், காதை மூட முடியாதே. தூக்கத்தை வைத்துத்தான் நான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வேன், ஆனால் உங்கள் முடிவுக்கு வர மாட்டேன்.

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை மூளை அலைகளை அளந்தே காட்டினார்கள். அறிமுகமில்லாத இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி, குறிப்பாக இடது பக்கம், மற்றதை விட லேசாகவே தூங்குகிறது. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. அதாவது எவ்வளவு உயர்ந்த மெத்தை போட்டாலும் முதல் இரவு கொஞ்சம் காவல் இரவுதான். அந்த இரவில் சத்தம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே நான் பணம் கொடுப்பது அமைதிக்கு. நட்சத்திரம் கூடினால் அமைதியும் கூடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆனைவிலை குதிரைவிலை கொடுத்துப் போன ஒரு இடத்தில் பக்கத்து அறைக்குப் போகும் இணைப்புக் கதவு ஒன்று இருந்தது. குடும்பமாக வருகிறவர்கள் இரண்டு அறைகளைச் சேர்த்து எடுத்தால் திறந்துவிடுவார்களே, அந்தக் கதவு. பூட்டித்தான் இருந்தது. கீழே விரல் நுழையும் இடைவெளி. பக்கத்து அறைக்காரர் தொலைபேசியில் யாரிடமோ சண்டை போட்டது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. சுவருக்குச் செலவழித்த பணமெல்லாம் அந்தக் கதவடியில் வீணாகிவிட்டது. வாடகை எவ்வளவு என்பதை விட, அறையில் இணைப்புக் கதவு உண்டா, லிஃப்டுக்குப் பக்கத்திலா, சாலைப் பக்கமா, கீழே விருந்து மண்டபம் இருக்கிறதா என்பவைதான் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன. முன்பதிவுத் தளத்தின் படங்களில் இவற்றில் எதுவும் தெரியாது.

---

முன்மேசை எழுதியது:

ஹோட்டல் வரவேற்பிலும் அப்புறம் அறைகள் நிர்வாகத்திலும் நெடுநாள் வேலை பார்த்தவன். மலிவான இடத்திலும் இருந்திருக்கிறேன், மிக உயர்ந்த இடத்திலும் இருந்திருக்கிறேன். தூரதேசி கேட்டது சரியான கேள்வி, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: கூடுதல் பணத்தில் பெரிய பங்கு பொருளுக்குப் போவதில்லை, ஆட்களுக்குப் போகிறது. எளிய ஹோட்டலில் பல அறைகளுக்கு ஒரு ஊழியர் என்ற கணக்கு. உயர்தர ஹோட்டலில் அறைக்கு ஒரு ஊழியர், சில இடங்களில் அதற்கும் மேல். நடுத்தர இடத்தில் அறை சுத்தம் செய்பவர் ஒரு ஷிப்டில் பதினான்கு, பதினைந்து அறைகளை முடிக்க வேண்டும். உயர்ந்த இடத்தில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒரு அறையில் அரை மணி நேரம் செலவிடுவதற்கும் ஒரு மணி நேரம் செலவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டிலுக்கு அடியிலும் குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் பார்க்கலாம்.

அப்புறம், கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை இருக்கிறது. நல்ல ஹோட்டலில் சில மாதங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு அறையையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, குழாய், ஏசி, கதவுக் கீல், மின்விளக்கு என்று எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். அன்றைக்கு அந்த அறையால் வருமானம் இல்லை. வாடகை குறைந்த இடத்தில் இதைச் செய்யக் கட்டுப்படியாகாது, எது உடைகிறதோ அதைச் சரிசெய்வார்கள். நீங்கள் போய்ப் படுத்த பிறகு ஏசி சொட்டத் தொடங்குவதற்கும் சொட்டாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, தவறு நடக்கும்போது என்ன ஆகிறது என்பது. தவறு எல்லா ஹோட்டலிலும் நடக்கும். அதைச் சரிசெய்ய அங்கே நிற்கும் ஊழியருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் பிரச்சினையைத் தீர்க்க, மேலாளரைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவிட ஒவ்வொரு ஊழியருக்கும் அனுமதி உண்டு என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த விஷயம். அந்தத் தொகையை யாரும் தினமும் செலவழிப்பதில்லை. ஆனால் அந்த உரிமை கையில் இருக்கிற ஊழியர் பேசுகிற விதமே வேறு. மலிவான இடத்தில் இரவுப் பணியில் தனியாக நின்ற நாட்களில், உதவ மனம் இருந்தும் "காலையில் மேனேஜர் வந்ததும் சொல்கிறேன்" என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது.

இனி உங்களுக்கு வந்து சேராத பகுதி. பெரிய பெயர்கள் பலவற்றுக்கு அந்தக் கட்டடம் சொந்தமே இல்லை. உரிமையாளர் வேறொருவர். பெயரையும் முன்பதிவு வலையமைப்பையும் தருவதற்கு நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொள்கிறது. மாரியட் 2016இல் ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கிய பிறகு அதன் கீழ் முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களில் ஹோட்டல்கள் இருக்கின்றன. இணையத் தளம் வழியாகப் பதிவு செய்தால் வாடகையில் கணிசமான பங்கு, பல நேரங்களில் 15 சதவீதமோ அதற்கு மேலோ, அந்தத் தளத்துக்குக் கமிஷன். நகரின் நடுவில் இருந்தால் நிலத்தின் விலை. இவையெல்லாம் வாடகையை ஏற்றும், உங்கள் தலையணையை மென்மையாக்காது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

முன்மேசை, அருமையான விளக்கம். ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்கும் பலம் சேர்க்கிறது. ஆட்களுக்குப் பணம் போகிறது என்கிறீர்கள். எனக்கு அந்த ஆட்கள் தேவைப்படாவிட்டால்? பெட்டியை நானே தூக்குவேன், டாக்ஸியை நானே கூப்பிடுவேன், வழியைக் கைபேசி சொல்லும். இன்னொருவருக்காக நிற்கும் ஊழியரின் சம்பளத்தை நான் ஏன் கட்ட வேண்டும்?

இன்னொரு சந்தேகம். இந்த நட்சத்திரங்களை யார் கொடுக்கிறார்கள்?

---

அளவுகோல் எழுதியது:

நட்சத்திரம் பற்றி நான் சொல்கிறேன். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே அளவு கிடையாது.

பிரான்சில் ஒன்று முதல் ஐந்து வரை அரசு சார்ந்த வகைப்பாடு. இருநூறுக்கும் மேற்பட்ட அம்சங்களைப் பார்த்துப் புள்ளி போட்டு, ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஐந்துக்கும் மேலே நிற்கும் சில ஹோட்டல்களுக்காக 2010இல் 'பலாஸ்' என்ற தனித் தகுதியை உருவாக்கினார்கள். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து 2009இல் ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன் என்ற பொது அளவுகோலைக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் அரசு நட்சத்திரமே இல்லை. மொபில் எண்ணெய் நிறுவனத்தின் பெயரில் 1958இல் தொடங்கி இன்று ஃபோர்ப்ஸ் டிராவல் கைடு என்று வருகிற பட்டியலும், வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ தருகிற வைரக் குறியும் தனியாருடையவை. முன்பதிவுத் தளத்தில் தெரியும் நட்சத்திரம் பல நேரங்களில் ஹோட்டலே தன்னைப் பற்றிச் சொன்னது. துபாயில் 1999இல் திறந்த புர்ஜ் அல் அரபை ஏழு நட்சத்திரம் என்று உலகமே சொல்கிறது, ஆனால் ஏழு என்ற தகுதி எந்த அதிகாரபூர்வ அளவிலும் இல்லை. பத்திரிகைகள் எழுதிப் பரவிய பெயர் அது.

முக்கியமான விஷயம் வேறு. நட்சத்திரம் பெரும்பாலும் வசதிகளை எண்ணுகிறது. லிஃப்ட் உண்டா, வரவேற்பில் 24 மணி நேரமும் ஆள் உண்டா, அறையின் பரப்பளவு என்ன என்கிற மாதிரி. அமைதியான தெருவில், அக்கறையுள்ள குடும்பம் நடத்தும் பன்னிரண்டு அறை விடுதிக்கு இரவு வரவேற்பாளர் இல்லாததால் மூன்று நட்சத்திரத்தைத் தாண்ட முடியாமல் போகலாம். பக்கத்திலேயே மாநாட்டு மண்டபமும் நீச்சல் குளமும் வைத்திருக்கும் களைத்துப்போன ஹோட்டல் ஐந்தில் இருக்கும். எங்கே தூக்கம் நன்றாக வரும் என்று அந்த எண் சொல்லாது.

---

செங்காந்தள் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, "எனக்கு அந்த ஆட்கள் தேவைப்படாவிட்டால்" என்று கேட்டீர்கள். வேலை விஷயமாக அடிக்கடி தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். எனக்கு அந்த ஆட்கள் தேவை.

இரவு வெகு நேரம் கழித்துப் போய்ச் சேரும்போது வாசலில் வெளிச்சம் இருக்க வேண்டும். மேசையில் விழித்திருக்கும் ஒருவர் இருக்க வேண்டும். லிஃப்ட் அறைச் சாவி அட்டை இல்லாமல் மேலே போகக் கூடாது. இவற்றோடு நான் கவனிக்கும் ஒரு சின்ன விஷயம் உண்டு. நல்ல பயிற்சி பெற்ற வரவேற்பாளர் அறை எண்ணை வாயால் சொல்லவே மாட்டார். சாவி அட்டையின் உறையில் எழுதி, என் பக்கம் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டுவார். பின்னால் வரிசையில் நிற்கிறவர் காதில் எண் விழக் கூடாது என்பதற்காக. ஒரு முறை ஒரு இடத்தில் அறை எண்ணை உரக்கச் சொல்லி, மாடி ஏறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றும் விளக்கினார்கள். பக்கத்தில் இரண்டு ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டேன், ஆனாலும் அன்றிரவு கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

இதற்கெல்லாம் ஐந்து நட்சத்திரம் வேண்டியதில்லை, நல்ல நடுத்தர ஹோட்டலே போதும். ஆனால் ஆகக் குறைந்த வாடகையில் இது அரிதாகத்தான் கிடைக்கிறது. எந்தப் படியில் பாதுகாப்பு கிடைக்கத் தொடங்குகிறதோ அதுவரை ஏற என் பணம் தகும். அதற்கு மேல் ஏறுவது விருப்பம்.

---

அளவுகோல் எழுதியது:

செங்காந்தள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீப் பாதுகாப்பை வாடகையை வைத்துக் கணிக்கக் கூடாது. 1980 நவம்பரில் லாஸ் வேகஸ் எம்ஜிஎம் கிராண்டில் தீப்பிடித்தபோது 85 பேர் இறந்தார்கள். பெயர் பெற்ற பெரிய ஹோட்டல்தான். கட்டடத்தின் பெரும்பகுதியில் தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலானோர் தீ எரிந்த தளத்துக்கு வெகு மேலே, புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். அதன் பிறகு விதிகள் கடுமையாயின. 1990இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், அரசு ஊழியர்கள் பயணத்தில் தங்கும் இடங்களில் புகை உணரியும், உயரமான கட்டடமென்றால் நீர்த்தெளிப்பானும் இருக்க வேண்டும் என்றது. அறைக்குப் போனதும் கூரையைப் பாருங்கள். அப்புறம் படிக்கட்டு எத்தனையாவது கதவு என்று நடந்து போய் எண்ணிவிடுங்கள். இதற்குக் காசு இல்லை.

---

மரக்கலம் எழுதியது:

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் கவனத்துக்கு: உயர்தர ஹோட்டல் உங்களுக்கு அல்ல. சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுங்கள். குழந்தை இரவு எட்டு மணிக்குத் தூங்கிவிட்டால் பெரியவர்கள் உட்கார இன்னொரு அறை இருக்கும். இதை எந்த நட்சத்திரமும் தராது.

---

கல்தூண் எழுதியது:

இந்த இழையில் வராத ஒரு கோணம். ஒரு காலத்துச் சொகுசு இன்னொரு காலத்தில் அடிப்படைத் தேவையாகிவிடுகிறது.

1829இல் பாஸ்டனில் திறந்த ட்ரெமான்ட் ஹவுஸ் அந்தக் காலத்து அதிசயம். எதற்கு? பூட்டுள்ள தனி அறை, கட்டடத்துக்குள்ளேயே கழிப்பறை, ஒவ்வொரு அறையிலும் சோப்பு. அதற்கு முன் முன்பின் தெரியாதவர்களோடு அறையைப் பகிர்வது சாதாரணம். 1889இல் லண்டன் சவாய் மின்விளக்கும் மின் லிஃப்டும் வைத்தது. 1898இல் பாரிஸ் ரிட்ஸ் அறையோடு சேர்ந்த குளியலறையைப் பெருமையாகக் காட்டியது. பத்தே ஆண்டில், 1908இல், ஸ்டாட்லர் என்ற ஹோட்டல்காரர் பஃபலோ நகரில் "ஒன்றரை டாலருக்கு ஓர் அறையும் குளியலறையும்" என்று விளம்பரம் செய்து நடுத்தர வியாபாரிகளுக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து ஒரே குழாய்த் தடத்தில் இணைத்ததால் அது சாத்தியமாயிற்று. இன்றைக்கும் பெரும்பாலான ஹோட்டல்கள் அப்படித்தான் கட்டப்படுகின்றன.

மெத்தை கதையும் இதேதான். 1999இல் வெஸ்டின் 'ஹெவன்லி பெட்' என்று ஒரு படுக்கையை அறிமுகப்படுத்தி விளம்பரம் செய்தது. மற்ற நிறுவனங்கள் சும்மா இருக்குமா? எல்லோரும் மெத்தையை மாற்றினார்கள். இன்றைக்கு நல்ல நடுத்தர ஹோட்டலின் படுக்கை அன்றைய உயர்தரப் படுக்கைக்குக் குறைந்ததில்லை.

ஆகவே அறைக்குள் இருக்கும் பொருள்களில் நடுத்தரத்துக்கும் உயர்தரத்துக்கும் உள்ள தூரம் நன்றாகக் குறைந்துவிட்டது. குறையாமல் நிற்பது இரண்டு: இட விசாலம், மனித உழைப்பு. இந்த இரண்டும் உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள். மற்றவற்றுக்காக மேலே போக வேண்டாம்.

---

முன்மேசை எழுதியது:

கல்தூண் சொன்ன மெத்தைப் போட்டிக்கு இன்னொரு முகம் உண்டு. மெத்தை கனத்தது, தலையணை இரண்டு ஆறானது, விரிப்பு அடுக்கடுக்காயிற்று. அதையெல்லாம் தூக்கி மடிக்கிறவர்களின் தோளும் முதுகும்தான் அடி வாங்கின. தொழிற்சங்கங்கள் தொடர்ந்து போராடியதன் பலனாக, 2018இல் கலிஃபோர்னியாவில் ஹோட்டல் அறை சுத்தம் செய்பவர்களின் உடல் காயங்களைத் தடுப்பதற்கென்றே தனி விதி நடைமுறைக்கு வந்தது.

வாடகை நான்கு மடங்கு என்றால் அவர்கள் சம்பளமும் நான்கு மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். வித்தியாசம் கொஞ்சம்தான். எந்த ஹோட்டலில் தங்கினாலும், அறையை முடிந்த அளவு ஒழுங்காக வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அன்பளிப்பு கொடுப்பதென்றால் கடைசி நாள் மொத்தமாக வேண்டாம், அன்றன்றைக்கே ஒரு சீட்டு எழுதி வையுங்கள். வேலை செய்பவர் நாளுக்கு நாள் மாறுவார்.

---

இரவுப்பறவை எழுதியது:

மனசு சம்பந்தமான ஒன்றையும் பேசியாக வேண்டும். 2008இல் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஒயினை வெவ்வேறு விலை சொல்லிக் குடிக்கக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது மக்கள் அதை அதிகம் ரசித்தார்கள். வாயளவில் மட்டும் இல்லை, இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. விலையே சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. ஹோட்டலிலும் ஓரளவு இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் தூரதேசி தன் பெற்றோரிடம் வாடகையைச் சொல்லவே கூடாது. எங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தெரிந்துதான் சொல்கிறேன். விலை தெரிந்தால் ரசிப்பு கூடாது, உறுத்தல்தான் கூடும். "இவ்வளவா?" என்று ஒவ்வொரு வேளையும் கேட்பார்கள். அறையை விட்டு வெளியே போகவே யோசிப்பார்கள், கட்டிய காசு வீணாகிறதே என்று. அந்தக் கவலையில் பயணம் கெட்டுப்போவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த இடம் சந்தோஷம் தர வேண்டுமென்றால், அங்கே இருக்கிறவர் மனசு விலையை மறந்திருக்க வேண்டும்.

---

சாய்தளம் எழுதியது:

தூரதேசி, உங்கள் அப்பா அம்மாவின் உடல்நிலை பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. அதுதான் முதல் கேள்வி என்று நினைக்கிறேன். என் கணவர் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறார். எங்களுக்கு நட்சத்திரக் கணக்கு எந்த விதத்திலும் உதவியதில்லை.

பழம்பெருமை வாய்ந்த அரண்மனை மாதிரி ஹோட்டல்களில் வாசலிலேயே படிகள். குளியலறையில் அழகான உயரமான தொட்டி. அதன் விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பது வயதானவர்களுக்கு ஆபத்து. ஈரக் காலோடு, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், பளிங்குத் தரையில் இறங்க வேண்டும். மாறாக, அண்மையில் கட்டிய சாதாரண சங்கிலி ஹோட்டல்களில் விதிப்படி கட்டிய அறைகள் சில கட்டாயம் இருக்கும். அமெரிக்காவில் 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அளவுப்படி அங்கே கதவுத் திறப்பு குறைந்தது 32 அங்குலம். தடுப்பில்லாத குளியல் பகுதி, சுவரில் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க இருக்கை. மலிவான இடத்தில் இவ்வளவும் கிடைத்து, ஆடம்பரமான இடத்தில் எதுவும் கிடைக்காமல் தவித்திருக்கிறோம்.

ஆனால் முன்மேசை சொன்ன ஆள் பலம் எங்களுக்குப் பெரிய விஷயம். ஒரு உயர்தர ஹோட்டலில் கட்டில் உயரம் அதிகமாக இருந்தது. சொன்னதும் பராமரிப்பு ஆள் வந்து கட்டிலின் கால்களைக் கழற்றிவிட்டு, நாற்காலியின் உயரத்தை அளவு நாடாவால் பார்த்து அதற்குச் சமமாக இறக்கிக் கொடுத்தார். கால் மணி நேர வேலை. வேறு இடத்தில் "கட்டில் அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள்.

---

தூரதேசி எழுதியது:

இவ்வளவு பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சாய்தளம் அக்கா, நல்ல வேளை கேட்டீர்கள். அம்மாவுக்கு மூட்டு வலி, தொட்டியில் ஏறி இறங்க முடியாது. அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் விடியுமுன் எழுந்து நடக்க வேண்டும், மதியம் ஒரு தூக்கம் வேண்டும். அப்படிப் பார்த்தால் நாங்கள் பகலிலும் ஹோட்டலில் நிறைய நேரம் இருக்கப்போகிறோம். கணக்குப்பிள்ளை முதலில் சொன்ன கணக்கு எங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன்.

முன்மேசை அண்ணா, பதிவு செய்வதற்கு முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்? எல்லா நாளும் ஒரே இடத்தில் இல்லாமல் பிரித்துத் தங்கினால் என்ன?

---

முன்மேசை எழுதியது:

பிரித்துத் தங்குவது நல்ல யோசனை. போய்ச் சேரும் நாளில் உயர்ந்த ஹோட்டல் வேண்டாம். இரவு வந்து படுத்துக் காலையில் எழுவதற்கு முழு வாடகை, இரவுப்பறவை சொன்ன முதல் இரவுத் தூக்கம் வேறு. கடைசியில் வையுங்கள். அந்த நாட்களில் வெளியே எந்தத் திட்டமும் போடாதீர்கள். நேரத்தோடு போய் அறை தயாரா என்று கேளுங்கள், தயாராக இருந்தால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஆனால் அம்மாவுக்குப் பெட்டி கட்டி அவிழ்ப்பது சிரமமென்றால் மாறவே வேண்டாம், ஒரே இடத்தில் இருங்கள்.

அடுத்து, ஒரே அறைக்கு ஒரே வாடகை என்பது இந்தத் தொழிலில் இல்லை. விமான நிறுவனங்கள் 1980களில் செய்யத் தொடங்கிய விலை மாற்றும் முறை ஹோட்டலுக்கும் வந்துவிட்டது. விற்காமல் போன இரவு திரும்ப வராது, ஆகவே காலியாகக் கிடக்கும் என்று தெரிந்தால் இறக்குவார்கள். வணிகப் பகுதி ஹோட்டலில் வார இறுதியில் வாடகை இறங்கும், சுற்றுலா இடத்தில் வார நடுவில் இறங்கும். தேதியை இரண்டு நாள் தள்ளினாலே நான்கு மடங்கு இரண்டரை மடங்காகலாம்.

ஐந்து நட்சத்திரத்தில் ஆகக் கடைசி வகை அறையை எடுப்பதை விட, அதற்கு ஒரு படி கீழே உள்ள ஹோட்டலில் பெரிய அறையை எடுப்பதே பல நேரங்களில் நல்லது. கடைசி வகை அறை என்றால் லிஃப்டுக்கு எதிரே, சுவரைப் பார்த்த ஜன்னலோடு, இரவுப்பறவை சொன்ன இணைப்புக் கதவோடு வர வாய்ப்பு அதிகம். எல்லா அறைகளையும் யாருக்காவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? நேரடியாகப் பதிவு செய்தவருக்கும் திரும்பத் திரும்ப வருகிறவருக்கும் முதலில் ஒதுக்குவோம். தளம் வழியாகக் குறைந்த விலையில் வந்தவருக்கு மிச்சம் இருப்பது போகும்.

ஆகவே தளத்தில் விலையைப் பார்த்துக்கொண்டு ஹோட்டலுக்கே போன் செய்யுங்கள். முன்பதிவு மையத்துக்கு வேண்டாம், அந்தக் கட்டடத்தின் வரவேற்புக்கு. பிற்பகல் நடுவில், கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். தொட்டி இல்லாத, தடுப்பில்லாத குளியல் பகுதி எந்த வகை அறையில் இருக்கிறது? அதில் கைப்பிடி உண்டா? அந்தக் குளியலறையை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? இணைப்புக் கதவு இல்லாத, லிஃப்டிலிருந்து தள்ளிய இரண்டு அறைகள் அடுத்தடுத்துக் கிடைக்குமா? கட்டட வேலை ஏதும் நடக்கிறதா? வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் மாதிரி ஏதாவது உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் 2025 மே மாதம் முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது, ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

போனில் பேசுகிறவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். "பார்த்துவிட்டு அழைக்கிறேன்" என்று சொல்லி உண்மையாகவே அழைத்தால், நீங்கள் கொடுக்கப்போகும் கூடுதல் பணத்துக்கு அங்கே ஆள் இருக்கிறார் என்று பொருள்.

---

தூரதேசி எழுதியது:

இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன். ஐந்து நட்சத்திரத்தில் எங்கள் வகை அறைகள் எல்லாவற்றிலும் தொட்டிதான். தடுப்பில்லாத குளியல் பகுதி வேண்டுமென்றால் இன்னும் மேலே, அது எங்கள் கைக்கு எட்டாது. ஆனால் பேசிய பெண்மணி அதோடு விடவில்லை. அவர்கள் குழுமத்தின் இன்னொரு ஹோட்டல் பக்கத்துத் தெருவில் இருக்கிறது, நான்கு நட்சத்திரம், புதுக் கட்டடம், கீழ்த் தளங்களில் கைப்பிடியோடு அறைகள் உண்டு என்று சொல்லி, கொஞ்ச நேரத்தில் குளியலறைப் படத்தையும் அனுப்பிவிட்டார். வாடகை நடுத்தர ஹோட்டலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பக்கத்தில் பூங்கா இருப்பதால் அப்பாவின் நடைக்கும் வசதி.

அங்கேயே எல்லா நாளும் எடுத்துவிட்டோம். மிச்சப்பட்டதில் மனைவி கேட்டபடி பயணம் நீள்கிறது. அப்பா வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டார். மனைவி "டிக்கெட்டோடு சேர்த்துப் போட்டது, தனியாகத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறாள்.

---

சாய்தளம் எழுதியது:

நல்ல முடிவு. அறை எண்ணோ தளமோ, கைப்பிடியுள்ள அறை என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொரு முறை போன் செய்து நினைவுபடுத்துங்கள். அந்த மாதிரி அறைகள் குறைவு, கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் போய்விடும்.